ஓர் எழுத்துப் பிழையும் ஆறு மாத மாத்திரையும்

காசநோய்க்கு மாத்திரை தொடங்கியவர்களில் பலர் முதல் நாளே மிரண்டுபோவார்கள். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கியிருப்பார்கள். சில மணி நேரத்தில் சிறுநீர் செம்மஞ்சள் நிறத்தில் போகும். ரத்தம்தான் போகிறது என்று பதறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிவருபவர்கள் உண்டு. “அது மாத்திரையோட கலர்தாம்மா. மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம், பயப்படாதீங்க” என்று செவிலியர் சொன்ன பிறகுதான் மூச்சு வரும். கண்ணீரும் வியர்வையும்கூடச் சற்றுச் சிவக்கலாம்.

இந்த நிறத்துக்குக் காரணம் ரிஃபாம்பிசின் என்ற மருந்து. அதன் பூர்வீகம் பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள ஒரு பைன் காடு. 1957இல் அங்கிருந்து எடுத்த கொஞ்சம் மண், இத்தாலியின் மிலான் நகரில் இருந்த லெப்பெட்டிட் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனது. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா, மற்ற பாக்டீரியாக்களைக் கொல்லும் ஒரு பொருளைச் சுரந்தது. நகைக்கடைக் கொள்ளையைப் பற்றிய ‘ரிஃபிஃபி’ என்ற பிரெஞ்சுப் படம் அந்தச் சமயத்தில் பேர்போனது. ஆய்வகத்தார் அந்தப் பெயரையே பொருளுக்குச் செல்லப்பெயராக வைத்தார்கள். ரிஃபாமைசின் அப்படி வந்த பெயர். அதைக் கொஞ்சம் மாற்றி, வாய்வழி விழுங்கும்படி 1965இல் உருவாக்கியதுதான் ரிஃபாம்பிசின்.

இந்த மருந்து காசநோய்க் கிருமிக்குள் நுழைந்து ஒரே ஒரு நொதியைத்தான் தேடிப் பிடிக்கிறது. அதன் பெயர் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். கிருமியின் மரபணுவைப் படித்துச் செய்தியாக எழுதித் தருகிற எழுத்தர் அது. எழுத்தரின் கையைப் பிடித்துவிட்டால் கிருமியால் எந்தப் புரதமும் செய்துகொள்ள முடியாது, செத்துப்போகும். ஆனால் சில கிருமிகள் சாவதில்லை. அவற்றைக் காப்பாற்றுவது இன்னொரு எழுத்தரின் கைப்பிழை. அந்த எழுத்தர் டி.என்.ஏ. பாலிமரேஸ்.

ஓர் எழுத்தரின் பிழை இன்னொருவரை எப்படிக் காப்பாற்றும்? அதைப் புரிந்துகொள்ள, இருவரும் வேலை செய்யும் இடத்துக்குப் போக வேண்டும்.

பூக்கட்டும் கை

டி.என்.ஏ. இரண்டு இழைகள் முறுக்கிய ஏணி. அதன் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என்ற நான்குதான். ஏ-வுக்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. ஒரு இழை கையில் இருந்தால் மற்றதை எழுதிவிடலாம். அப்படி எழுதும் நொதிகளுக்குத்தான் பாலிமரேஸ் என்று பெயர். ஏற்கெனவே உள்ள இழையை அச்சாக வைத்துக்கொண்டு, செல்லுக்குள் உதிரியாக மிதந்து திரியும் இந்த எழுத்துகளை, அதாவது நியூக்ளியோடைடுகளை, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கோத்துப் புது இழையை நீட்டுவது அவற்றின் வேலை.

கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்ணின் கையைப் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே கட்டிய சரத்தின் நுனியில்தான் அடுத்த பூவை வைத்து முடிச்சிடுவார். சரம் ஒரு பக்கமாகத்தான் நீளும். டி.என்.ஏ. பாலிமரேஸுக்கும் இதே இரண்டு கட்டுப்பாடுகள். முதலாவது, அதற்கு முதல் முடிச்சுப் போடத் தெரியாது. பிரைமேஸ் என்ற வேறொரு நொதி வந்து, சில எழுத்துகள் நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டு ஒன்றை வைத்துத் தர வேண்டும். அந்தத் துண்டுக்குப் பிரைமர் என்று பெயர். இரண்டாவது, அது ஒரே திசையில்தான் எழுதும்.

நொதியின் உருவமும் கையைப் போலத்தான் இருக்கிறது. தாமஸ் ஸ்டைட்ஸின் குழு 1985இல் எக்ஸ் கதிர் கொண்டு ஒரு டி.என்.ஏ. பாலிமரேஸ் துண்டின் வடிவத்தைக் கண்டபோது, அரைவாசி மூடிய வலது கை தெரிந்தது. உள்ளங்கை, விரல்கள், கட்டைவிரல் என்றே அதன் பகுதிகளை இன்றும் அழைக்கிறார்கள். உள்ளங்கையில் இரண்டு மக்னீசிய அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. முடிச்சு விழுவது அவற்றின் அருகில்தான். சரியான எழுத்து வந்து பொருந்தினால் விரல்கள் மடங்கிக்கொள்ளும். எழுத்து சரத்தில் சேரும். விரல்கள் மறுபடி திறக்கும். ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் இது வினாடிக்கு ஏறத்தாழ 1,000 முறை நடக்கிறது.

பத்து லட்சத்தில் ஐம்பது

இந்தக் கைக்குரிய நொதியை முதலில் கண்டவர் ஆர்தர் கோர்ன்பெர்க். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். அவர் மனைவி சில்வியும் அதே ஆய்வகத்தில் உயிர்வேதியியலாளர். உயிருள்ள செல்லுக்கு வெளியே, சோதனைக் குழாயில் டி.என்.ஏ. உருவாக முடியும் என்று அன்று பெரும்பாலோர் நம்பவில்லை.

கோர்ன்பெர்க்கின் வழி எளிமையானது. ஈ.கோலையை அரைத்துச் சாறெடுத்தார். அதில் ‘டி’ எழுத்துக்கு மூலப்பொருளான தைமிடினைக் கதிரியக்கம் ஏற்றிச் சேர்த்தார். பிறகு அமிலம் ஊற்றினார். உதிரி எழுத்துகள் அமிலத்தில் கரைந்தே கிடக்கும். கோத்த சரம் மட்டும் படிந்து அடியில் தங்கும். படிந்ததில் கதிரியக்கம் இருந்தால், யாரோ கோத்திருக்கிறார்கள் என்று பொருள். முதல் சோதனைகளில் பத்து லட்சம் கதிரியக்க எண்ணிக்கை உள்ளே போனது. படிந்ததில் கிடைத்தது சுமார் 50. வேறொருவர் கருவியின் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்ததும் அந்த 50 காணாமல் போனதைக் கோர்ன்பெர்க் கவனித்தார். ஆக, உருவானது டி.என்.ஏ.தான்.

சாற்றில் டி.என்.ஏ.வைத் தின்னும் நொதிகளும் இருந்தன. புதிதாக உருவாவதை அவை தின்றுவிடக் கூடாது என்பதற்காக, அவற்றுக்குத் தீனியாக வெளியிலிருந்து கொஞ்சம் டி.என்.ஏ.வை அவர் சேர்த்துவந்தார். தீனியாகப் போட்டதைத்தான் பாலிமரேஸ் அச்சாக வைத்துப் படி எடுத்துக்கொண்டிருந்தது என்பது பின்னால் தெரிந்தது. அதைப் போடாமல் இருந்திருந்தால் சோதனை தோற்றிருக்கும்.

1956இல் நொதி பிடிபட்டது. 1957இல் அனுப்பிய இரண்டு கட்டுரைகளை ஆய்விதழ் முதலில் திருப்பியனுப்பியது. குழாயில் உருவானதை டி.என்.ஏ. என்று அழைக்கலாமா என்பதிலேயே மதிப்பீட்டாளர்களுக்கு வழக்கு. 1958இல் கட்டுரைகள் வந்தன. 1959இல் நோபல் பரிசும் வந்தது. ஸ்டாக்ஹோம் விழாவில் 12 வயது மூத்த மகன் ரோஜரும் உட்கார்ந்திருந்தான். அவன் பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து ஒரு குண்டு விழுந்தது. ஜான் கெய்ன்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய உதவியாளர் பாலா டி லூசியாவும் ஆயிரக்கணக்கான ஈ.கோலைக் கூட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, கோர்ன்பெர்க்கின் நொதி நூற்றில் ஒரு பங்குகூட வேலை செய்யாத ஒரு வகையைப் பிடித்தார்கள். அந்த பாக்டீரியா சாகவில்லை. வழக்கம்போலப் பெருகியது. புற ஊதாக் கதிர் பட்டால்தான் நொந்துபோனது. அப்படியானால் கோர்ன்பெர்க்கின் பாலிமரேஸ் ரிப்பேர்க்காரர்தானா? டி.என்.ஏ. முழுவதையும் எழுதுபவர் வேறு யாரோவா? அந்த நொதியின் மரபணுவுக்கு வைத்த ‘போல்-ஏ’ என்ற பெயர், பாலாவின் பெயரை வைத்துச் செய்த விளையாட்டு.

கோர்ன்பெர்க்கின் நொதியே போலி என்பதுபோல ஓர் ஆய்விதழ் தலையங்கங்கள் எழுதியது. பதில் அவர் வீட்டிலிருந்தே வந்தது. இரண்டாவது மகன் தாமஸ், ஜூலியார்ட் இசைப்பள்ளியில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்தவர். விரலில் வந்த உபாதையால் வில்லைக் கீழே வைக்க நேர்ந்தது. உயிர்வேதியியல் பரிசோதனை அனுபவம் பெரிதாக இல்லாத அந்த இளைஞர், அப்பாவின் பெயரைக் காப்பாற்ற ஆய்வகத்துக்குள் நுழைந்தார். ‘பாலிமரேஸ் இரண்டு’ என்ற நொதியையும், பின்னர் மால்கம் கெஃப்டர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து ‘பாலிமரேஸ் மூன்று’ என்ற நொதியையும் கண்டுபிடித்தார். ஈ.கோலையின் முழு டி.என்.ஏ.வையும் எழுதும் முதன்மை எழுத்தர் அந்த மூன்றாவதுதான். முதலாவதுக்கும் வேலை போய்விடவில்லை. பிரைமர் துண்டுகளை அகற்றி அந்த இடத்தை நிரப்புவது இன்றும் அதன் பொறுப்பு.

எதிர்த்திசைச் சிக்கல்

டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. பாலிமரேஸோ ஒரே திசையில் எழுதுவது. ஏணி பிரியப் பிரிய, ஒரு இழையில் தொடர்ந்து எழுதிக்கொண்டே போகலாம். மற்ற இழையில் என்ன செய்வது?

ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி சுனெகோவும் 1960களில் இதற்கு விடை கண்டார்கள். இரண்டாம் இழையில் பாலிமரேஸ் துண்டு துண்டாகப் பின்னோக்கி எழுதுகிறது. ஏணி கொஞ்சம் பிரிந்ததும் ஒரு பிரைமர், ஒரு துண்டு. இன்னும் கொஞ்சம் பிரிந்ததும் மறுபடி ஒரு பிரைமர், ஒரு துண்டு. பாக்டீரியாவில் ஒரு துண்டு 1,000 முதல் 2,000 எழுத்து. நம் செல்லில் 100 முதல் 200 எழுத்து. கடைசியில் லிகேஸ் என்ற நொதி துண்டுகளை ஒட்டுகிறது. ஒகசாகித் துண்டுகள் என்று உலகம் அவற்றை அழைக்கிறது. ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர். அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 44.

இவ்வளவு பாடு எதற்கு, இரண்டு திசையிலும் எழுதும் நொதி ஒன்று இருந்தால் தீர்ந்ததே என்று தோன்றும். காரணம் பிழை திருத்தத்தில் இருக்கிறது. சேர வரும் ஒவ்வொரு எழுத்தும், ஒட்டுவதற்கான ஆற்றலைத் தன் பாஸ்பேட் வாலிலேயே சுமந்து வருகிறது. தப்பான எழுத்தை வெட்டி எறிந்தாலும், அடுத்து வருவது தன் செலவுக்குத் தானே கொண்டுவரும். எதிர்த்திசையில் எழுதினால் அந்த ஆற்றல் சரத்தின் நுனியில் இருக்க வேண்டியிருக்கும். நுனியை வெட்டினால் ஆற்றலும் போகும்; சரம் அங்கேயே நின்றுவிடும். அழித்தெழுதும் வசதி வேண்டுமானால் ஒரே திசைதான் வழி.

பாடபேதம்

அந்த வசதி எப்படி இயங்குகிறது? தப்பான எழுத்து சேர்ந்தால் சரத்தின் நுனி சரியாக ஒட்டாமல் பிசிறாக நிற்கும். நொதி தயங்கும். அந்தத் தயக்கத்தில் பிசிறிய நுனி நகர்ந்து, அதே நொதியைச் சேர்ந்த வெட்டும் குழிக்குள் போய் விழும். அங்கே கடைசி எழுத்து வெட்டப்படும். நுனி பழைய இடத்துக்குத் திரும்பும். கணினியில் பேக்ஸ்பேஸ் தட்டிவிட்டு மறுபடி தட்டச்சுவது போலத்தான்.

பொருத்தம் பார்த்து எழுத்தைப் பொறுக்குவதோடு நின்றால், லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை விழும். வெட்டித் திருத்துவதால் அது கோடிக்கு ஒன்றாகக் குறைகிறது. எழுதி முடித்தபின் வேறு நொதிகள் வந்து சரிபார்ப்பதால் நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்குகிறது. நீங்கள் படிக்கும் இந்த அத்தியாயத்தில் சுமார் 15,000 எழுத்துக் குறிகள் இருக்கலாம். ஈ.கோலையின் பாலிமரேஸ் இதை 15 வினாடியில் எழுதி முடிக்கும். இப்படி 600 அத்தியாயங்களுக்கு மேல் எழுதினால்தான் அதன் கையில் ஒரு பிழை மிஞ்சும். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம் செல்லில் இந்த வேகம் கிடையாது. வினாடிக்கு 50 எழுத்து அளவில்தான். நமது மிகப் பெரிய குரோமோசோமை நடுவில் ஓர் இடத்தில் தொடங்கி இரு பக்கமும் இந்த வேகத்தில் எழுதினால் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆனால் வேலை எட்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே சமயத்தில் எழுத்தர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் பிழை பூஜ்யமாவதில்லை. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். சுவடி செல்லரிக்கும் முன் பெயர்த்தெழுத வேண்டும். பெயர்த்தெழுதும் கை எங்காவது ஓர் எழுத்தை மாற்றும். அடுத்துப் பெயர்ப்பவர் அந்த மாற்றத்தையே மூலமாகக் கொண்டு எழுதுவார். அதைப் பாடபேதம் என்போம். டி.என்.ஏ.வில் நேரும் பாடபேதம்தான் மரபணுத் திடீர்மாற்றம். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில கெடுக்கும். அபூர்வமாக ஒன்று, எதிர்பாராத ஓர் ஆபத்தில் கைகொடுக்கும்.

துண்டுச் சீட்டு எழுதுபவர்

இனி இரண்டாவது எழுத்தர். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் முழுச் சுவடியையும் தொடுவதில்லை. இப்போது எந்தப் புரதம் வேண்டுமோ அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து, ஆர்.என்.ஏ. எழுத்தில் ஒரு படி எடுத்துத் தருகிறது. இதற்குப் படியெடுத்தல் என்று பெயர். எடுத்த படியைப் பார்த்து, ரைபோசோம் என்ற செல்லின் கருவி புரதம் செய்யும். வேலை முடிந்தபின் படி சிதைக்கப்படும்.

இந்த எழுத்தருக்குப் பிரைமர் வேண்டாம். முதல் முடிச்சைத் தானே போடும். ஆனால் எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆள் வேண்டும். பாக்டீரியாவில் சிக்மா என்ற புரதம் கூடவே வந்து, மரபணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் அடையாள எழுத்துகளைக் கண்டுபிடித்து நிறுத்தும். அங்கே ஏணி பன்னிரண்டு, பதினான்கு எழுத்து நீளத்துக்குத் திறக்கும். சரம் நீண்டு ஓடத் தொடங்கியதும் சிக்மா பெரும்பாலும் கழன்றுகொள்ளும். ஈ.கோலையில் இதன் வேகம் வினாடிக்கு 40, 50 எழுத்து. நமது மரபணுக்களில் சில மிக நீளமானவை. தசைகளுக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் புரதத்தின் மரபணு இருபது லட்சம் எழுத்துக்கு மேல். அதை ஒரு முறை படியெடுக்க சுமார் 16 மணி நேரம் ஆகிறது.

பிழை விஷயத்தில் இது கொஞ்சம் அசட்டைதான். பத்தாயிரம் முதல் லட்சம் எழுத்துக்கு ஒன்று தவறும். அதனால் பெரிய நஷ்டமில்லை. மூலப் பத்திரத்தில் பிழை வந்தால் வாரிசுகள் எல்லோருக்கும் வில்லங்கம். மளிகைச் சீட்டில் பிழை வந்தால் ஒரு நாள் சமையல்தான் கெடும். ஒரே மரபணுவிலிருந்து படிகள் பல எடுக்கப்படுகின்றன. ஒன்றிரண்டு கெட்டாலும் மற்றவை வேலையை முடித்துவிடும்.

நம்மைப் போன்ற உயிர்களின் செல்களில் இந்த எழுத்தர் மூவர் என்று 1969இல் ராபர்ட் ரோடரும் வில்லியம் ரட்டரும் காட்டினார்கள். புரதங்களுக்கான செய்தியை எழுதுவது இரண்டாமவர், அதாவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் இரண்டு. பன்னிரண்டு புரதங்கள் சேர்ந்த இந்தப் பெரிய நொதியை, டி.என்.ஏ.வைப் பிடித்தபடி ஆர்.என்.ஏ. எழுதிக்கொண்டிருக்கும் நிலையிலேயே உறையவைத்து, அணு அணுவாகப் படம் பிடித்தவர் ஒருவர் உண்டு. 2001இல் படம் வெளியானது. 2006இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குத் தனியாகக் கிடைத்தது. அவர்தான் ரோஜர் கோர்ன்பெர்க். அப்பா ஒரு பாலிமரேஸ், மகன் இன்னொரு பாலிமரேஸ். நடுவில் 47 ஆண்டுகள்.

இந்த நொதி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பியக் காடுகளில் முளைக்கும் மரணத்தொப்பி என்ற காளான் காட்டும். அதிலுள்ள அமானிடின் நஞ்சு ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் இரண்டைப் பிடித்துக்கொள்ளும். தின்றவருக்கு அரை நாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. அடுத்த சில நாட்களில் கல்லீரல் ஓயும்.

அந்த எண்பத்தொரு எழுத்து

இப்போது மாத்திரைக்குத் திரும்புவோம். ரிஃபாம்பிசின் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்கு மட்டுமே பொருந்தும். நம் எழுத்தரிடம் அதற்கு உட்கார இடமில்லை. கிருமியின் நொதியில், எழுதப்பட்ட ஆர்.என்.ஏ. வெளியேறும் பாதையை ஒட்டி ஒரு குழி இருக்கிறது. மருந்து அதில் போய் அமர்ந்துகொள்கிறது. நொதி எழுதத் தொடங்கும். இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் சரம் நீள வழியிருக்காது.

அந்தக் குழியைத் தாங்கும் புரதத்தின் மரபணு சுமார் 3,500 எழுத்து நீளம். அதில் 81 எழுத்துள்ள ஒரு பகுதிதான் முக்கியம். அங்கே ஓர் இடத்தில் ‘டி-சி-ஜி’ என்று இருக்கிறது. டி.என்.ஏ. பாலிமரேஸ் படி எடுக்கும்போது நடு எழுத்து தவறி ‘டி-டி-ஜி’ ஆகிவிட்டால், செரின் என்ற சிறிய அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லூசின் என்ற பருத்த ஒன்று வந்து உட்காரும். குழி அடைபடும். மருந்து உட்கார முடியாது. எழுத்தர் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டே போவார். ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமிகளில் நூற்றுக்கு 95க்கு மேல் இந்த 81 எழுத்துக்குள்தான் பிழை இருக்கிறது. அதிலும் இந்த ஒற்றை எழுத்து மாற்றம் மிகப் பரவலானது.

இப்படிப்பட்ட பிழை பத்துக் கோடிக் கிருமிகளில் ஒன்றுக்கு இருக்கும். நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் நூறு கோடிக் கிருமிகள் வரை குடியிருக்கலாம். கணக்குப் போட்டால், முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே ரிஃபாம்பிசினை வெல்லும் பத்துக் கிருமிகள் அங்கே காத்திருக்கின்றன. மருந்து அவற்றை உருவாக்குவதில்லை. போட்டிக்கு இருந்த மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் விடுகிறது. அதனால்தான் எந்த மருந்தையும் தனியாகத் தருவதில்லை. ஐசோனியசிட் என்ற மருந்தை வெல்லும் பிழை பத்து லட்சத்தில் ஒன்றுக்கு இருக்கும். இரண்டு பிழையும் ஒரே கிருமியில் சேர்ந்திருக்க வாய்ப்பு கோடி கோடிக்கு ஒன்று. அத்தனை கிருமிகள் ஓர் உடலில் இல்லை.

சென்னை சேத்துப்பட்டில் 1956இல், கோர்ன்பெர்க் பாலிமரேஸைப் பிடித்த அதே ஆண்டில், தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இந்தக் கூட்டு மருந்துக் கணக்கை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று. அன்று ஓராண்டு மருந்து. ரிஃபாம்பிசின் வந்த பிறகு அது ஆறு மாதமாகச் சுருங்கியது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து.

இன்று அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுத்தால், அந்த 81 எழுத்தில் பிழை உண்டா என்று இரண்டு மணி நேரத்துக்குள் சொல்லிவிடுகிறார்கள். சோதனை நடப்பது பி.சி.ஆர். முறையில். அதில் கிருமியின் எழுத்தைக் கோடிக்கணக்கில் படியெடுத்துக் காட்டுவது, கொதிசூட்டைத் தாங்கும் ஒரு டி.என்.ஏ. பாலிமரேஸ். அந்த வகை நொதி முதலில் கிடைத்தது, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவில். ரிஃபாம்பிசின் குழிக்குள் உட்கார்ந்திருப்பதை 2001இல் படமெடுத்துக் காட்டியதும் அதே பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸில்தான்.

மாத்திரை தொடங்கிய இரண்டாவது மாதத்தில் இருமல் நிற்கும், பசி எடுக்கும், எடை கூடும். பலர் நிறுத்துவது அப்போதுதான். நுரையீரலில் மிச்சம் இருக்கும் கிருமிகள் பெருகும். பெருகும் ஒவ்வொரு முறையும் ஒரு பாலிமரேஸ் 44 லட்சம் எழுத்தைப் பெயர்த்தெழுதும். எங்கோ ஓர் எழுத்து தவறும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இந்தச் சிவப்பு மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மருத்துவர் நிறுத்தச் சொல்லும் நாள்வரை ஒரு வேளைகூடத் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.